தரவையில் ஓடிய பாய்வண்டி

ரெத்தினத்துக்குக் கொடி நடத் தெரியும். வேறென்ன தெரியும் என்று கேட்டால் நாற்றுப் பறிக்கத் தெரியும், வரப்பைச் செதுக்கி அண்டை வெட்டத் தெரியும், முறுக்கிக்கொண்டு ஓடும் மாட்டைக் கயிற்றைப் பிடித்து நிறுத்தத் தெரியும். அதெல்லாம் செட்டித்திட்டில் எல்லோருக்கும் தெரிந்த வேலைதான். கொடி நடுவது அப்படியில்லை. மூங்கிலை எங்கே சீவ வேண்டும், எவ்வளவு ஆழம் இறக்கினால் ஒரு போலீஸ்காரர் தனியாகப் பிடுங்க முடியாது, எந்தப் பக்கம் கொஞ்சம் சாய்த்தால் காற்றில் துணி சுருண்டு கொள்ளாது என்பதெல்லாம் அவருக்குத்தான் அத்துப்படி. விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் பேசுவதற்கு ஆயிரம் பேர் உண்டு. கொடி நட வேண்டுமென்றால் ஆள் அனுப்பி ரெத்தினத்தைத்தான் கூப்பிடுவார்கள்.

எங்கள் பக்கத்தில் நிலத்தைக் கேட்பது என்றால் முதல் வேலையே அதுதானே. மனு பிறகு, பேச்சுவார்த்தை பிறகு, அடிதடிகூடப் பிறகுதான். வரப்பில் கொடி ஏறிவிட்டால் அந்த நிலத்தின் மேல் ஒருத்தன் கண் வைத்துவிட்டான் என்று பொருள். மிராசுதாருக்கும் தெரியும், போலீசுக்கும் தெரியும், மேய்கிற ஆட்டைத் தவிர எல்லோருக்கும் தெரியும்.

முதல் கொடியை அவர் நட்டபோது மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. நில உச்சவரம்புச் சட்டம் வந்து, மிராசுதார்கள் எல்லாம் அவசர அவசரமாக நிலத்தைப் பிரித்து எழுதிக்கொண்டிருந்த காலம். செட்டித்திட்டு மிராசுதார் செத்துப்போன சித்தப்பா பெயரில் கொஞ்சம், பிறக்காத பேரன் பெயரில் கொஞ்சம், லட்சுமி என்று ஒரு பெயரில் மூன்று ஏக்கர் என்று எழுதி வைத்திருந்தார். லட்சுமி யாரென்று விசாரித்தால், அவர் வீட்டுப் பசுமாடு. அந்த லட்சுமியின் நிலத்தில்தான் ரெத்தினம் கொடியை நட்டார். இன்ஸ்பெக்டர் வந்து, "நீயே பிடுங்கிப் போட்டுட்டு வீட்டுக்குப் போடா, விட்டுர்றேன்" என்றார். ரெத்தினம் மூங்கிலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். விலாவில் இரண்டு எலும்பு போயிற்று. திருச்சி ஜெயிலில் சப்பாத்தி தின்னக் கற்றுக்கொண்டு வந்தார். அந்த வழக்கு இன்னும் நடக்கிறதாம். லட்சுமி போய்ச் சேர்ந்துவிட்டது, மிராசுதார் போய்ச் சேர்ந்துவிட்டார், வழக்கு மட்டும் திடகாத்திரமாக இருக்கிறது.

அதற்கப்புறம் ஆட்சி மாறிற்று, மறுபடி மாறிற்று. கறுப்பு சிவப்புக் கொடி வந்தது. நடுவில் ஆள் நிற்கும் கறுப்பு சிவப்புக் கொடி வந்தது. திரும்ப ஆள் நிற்காத கொடி வந்தது. குடியிருக்கும் மனைக்குப் பட்டா கொடுத்தார்கள், அது உண்மை, மறைக்கக் கூடாது. ஆனால் கால் வைத்து இறங்கி உழ ஒரு குழி நிலம் ரெத்தினத்துக்கு அமையவில்லை. கோயில் நிலத்தில் நட்டார், ஏரிக்கரையில் நட்டார், நீடாமங்கலம் பக்கமெல்லாம் போய் யார் யாருக்கோ நட்டுக் கொடுத்தார். நட்டவருக்கு ஒன்றும் இல்லை. ஐம்பது வயதும் தாண்டிவிட்டது.

இப்படியிருக்கும்போதுதான் நிலமில்லாதவர்களுக்கு இரண்டு ஏக்கர் என்று சர்க்காரே அறிவித்தது. செட்டித்திட்டுக்குக் கிழக்கே, கடலுக்குப் போகிற வழியில் ஒரு தரவை இருக்கிறது. தரவை என்றால் மேடும் இல்லாமல் பள்ளமும் இல்லாமல் பாயை விரித்தது மாதிரிக் கிடக்கும் வெட்டவெளி. மழைக்காலத்தில் முழங்கால் தண்ணீர் நிற்கும். கோடையில் காய்ந்து, மேலே உப்புப் பொருக்கு பூத்துத் தார் ரோடு போல இறுகிவிடும். சர்க்கார் புறம்போக்கு. ஒருத்தரும் சீண்டாத இடம். அதைத்தான் பிரித்துக் கொடுப்பது என்று பேச்சு. பெயர் எழுதிக்கொண்டு போனார்கள். ரெத்தினத்தின் பெயரும், அவர் மனைவி அம்சத்தின் பெயரும் சேர்த்து எழுதினார்கள்.

"உப்புத் தரையை வாங்கி ஊறுகாயா போடப் போறீங்க?" என்று டீக்கடையில் கிண்டல் செய்தார்கள். ரெத்தினத்துக்குக் கோபம் வந்தது. சுற்றி வரப்புப் போட்டு, மழைத் தண்ணீரை நிறுத்தி வடித்து, நிறுத்தி வடித்து, மூன்று நான்கு வருஷம் உப்பைக் கழுவினால் நெல் வரும் என்று அவர் நம்பினார். அம்சம் அதைவிட நம்பினாள். ராத்திரி படுத்தால், "நம்ம வரப்புல தொவர போடணுங்க" என்று ஆரம்பித்து விடுவாள். நிலமே வரவில்லை, வரப்பில் துவரை காய்த்துவிட்டது அவளுக்கு.

ஒரே ஒரு நிபந்தனை. தகராறு இல்லாத இடமாக இருக்க வேண்டும். யாராவது உரிமை கொண்டாடினால், ஆட்சேபம் சொன்னால், அந்த இடத்தை அப்படியே ஓரங்கட்டி வைத்துவிடுவார்களாம். ரெவின்யூ இன்ஸ்பெக்டர், அதாவது ஆர்.ஐ., வந்து இடத்தைப் பார்த்து எழுத வேண்டும். பட்டாவுக்கும் ரெத்தினத்துக்கும் நடுவில் அவர் ஒருத்தர்தான் பாக்கி. அவர் வருகிற நாளும் நெருங்கிவிட்டது.

அந்த வைகாசியில் ஒரு காலை, ரெத்தினம் வழக்கம்போல ஒதுங்குவதற்காகத் தரவைப் பக்கம் போனார். போன வேலை மறந்துபோயிற்று. தரவையில் கொடி நட்டிருந்தது.

ஒன்றில்லை, மூன்று. எட்ட எட்ட, ஒன்றிலிருந்து பார்த்தால் மற்றது சிறியதாகத் தெரிகிற தூரத்தில். ஆரஞ்சு நிறம். முக்கோணத் துணி. ரெத்தினம் கிட்டப் போய்ப் பார்த்தார். சக்கரம் இல்லை, பூ இல்லை, இலை இல்லை, ஆள் இல்லை. வெறும் துணி. நட்ட லட்சணத்தைப் பார்த்தால் சிரிப்பு வந்தது. ஒரு சாண்கூட இறக்கவில்லை. ஆனால் சிரிக்க முடியவில்லை. தமிழ்நாட்டில் இருக்கிற கட்சிக் கொடி அத்தனையும் அவருக்குத் தெரியும். இது எந்தக் கட்சி?

சங்கத்தின் கிளைச் செயலாளர் கண்ணுசாமியிடம் ஓடினார். கண்ணுசாமி டீயைப் பாதியில் வைத்துவிட்டுக் கேட்டார்.

"ஆரஞ்சா? நல்லாப் பாத்தியா? வெயில்ல வெளுத்த செவப்பா இருக்கப் போவுது."

"நாப்பது வருஷமாச் செவப்ப வெயில்ல வச்சுப் பாத்துக்கிட்டிருக்கேன், எனக்குத் தெரியாதா? ஆரஞ்சுதாங்க."

"யாராவது நடிகர் புதுசாக் கட்சி ஆரம்பிச்சிருப்பாரோ?"

"ஆரம்பிச்சா மெட்ராஸ்ல நடட்டும். நம்ம தரவையில எதுக்கு நடணும்?"

டீக்கடையில் இருந்தவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். இறால் பண்ணைக் கம்பெனி என்றார் ஒருவர். உப்புக் கம்பெனி என்றார் இன்னொருவர். முன்பு ஒரு பண்ணைக்காரன் இப்படித்தான் குச்சி நட்டு அளந்தான், அப்புறம் வேலி போட்டான், அப்புறம் குடிதண்ணீர்க் கிணறு உப்பாகிப் போயிற்று என்று இறால் பண்ணை சொன்னவர் ஞாபகப்படுத்தியதும் எல்லோரும் கண்ணுசாமியைப் பார்த்தார்கள்.

"ரெத்தினம், இனிமே யோசிச்சிக்கிட்டு நின்னா வேலைக்கு ஆவாது. நம்ம கொடிய நடு" என்றார் கண்ணுசாமி.

அம்சம்தான் குறுக்கே விழுந்தாள். "ஏங்க, ஆர்.ஐ. வர்ற நேரத்துல எதுக்குங்க இது? தகராறு இருக்கக் கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொல்லிட்டுப் போனாங்களே."

"அவன் நட்டிருக்கான்ல?"

"அவன் நட்டா அவனக் கேளுங்க. நீங்களும் நட்டா அதுக்குப் பேருதான தகராறு?"

அவள் சொல்வது சரியாகத்தான் இருந்தது. ஆனால் ஒருத்தன் கொடி பறக்கிற நிலத்தில் தன் கொடி இல்லாமல் இருப்பதும் ரெத்தினத்துக்கு ஆகாத காரியம். இரண்டும் சரியாக இருந்தால் மனுஷன் என்னதான் செய்வான்? கைக்குப் பழகியதைச் செய்தார். மூங்கிலைச் சீவி, தரவையின் நடுவில் வரிசையாக நான்கு செங்கொடிகளை இறக்கினார். எப்போதும்போல ஆழமாகவே இறக்கினார்.

மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு, யார்தான் வருகிறார்கள் என்று பார்க்க அவரும் அம்சமும் கருவைப் புதர் ஓரமாய் உட்கார்ந்தார்கள். கச்சான் காற்று, அதாவது கோடையில் மேற்கே இருந்து கிளம்புகிற காற்று, புழுதியைக் கிளப்பிக்கொண்டிருந்தது. அப்போது அம்சம் அவர் கையைப் பிடித்தாள். பிடித்த பிடியில் வளையல் அழுந்தியது.

கிழக்கே பாய்மரம் தெரிந்தது. வெள்ளைப் பாய் ஒன்று, நீலப் பாய் ஒன்று, பின்னால் இன்னொன்று. கானல் ஆடுகிற தரைக்கு மேலே, எதிர்க்காற்றில் வளைந்து வளைந்து, சாய்ந்து சாய்ந்து வந்துகொண்டிருந்தன. ஊரை நோக்கி.

"கடல் உள்ள வந்துருச்சு" என்றாள் அம்சம். கத்தக்கூட இல்லை. சுனாமி வந்து மூன்று வருஷம் முடியவில்லை. அன்றைக்கும் இப்படித்தான், முதலில் படகுதான் தெரிந்தது, தண்ணீர் தெரியவில்லை என்று நாகப்பட்டினத்தில் அவள் தங்கை சொல்லியிருக்கிறாள். "ஓடுங்க, ஏங்க, எந்திரிங்க!"

ரெத்தினம் எழுந்தார். ஓட நினைத்தார். தரவையில் நட்ட கொடியைப் பார்த்தார். படகைப் பார்த்தார். படகுக்கு அடியில் பார்த்தார். தண்ணீர் இல்லை. புழுதிதான் இருந்தது. தண்ணீர் இல்லாமல் படகு எப்படி வரும் என்று யோசிப்பதா, எப்படியோ வருகிறதே என்று ஓடுவதா? நின்ற இடத்திலேயே நின்றார். சாகிறதென்றாலும் விவரம் புரிந்துவிட்டுச் சாகலாமே என்று தோன்றியது அவருக்கு.

கிட்ட வந்தபோதுதான் சக்கரம் தெரிந்தது. முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு. தரையை ஒட்டி ஒரு நாற்காலி, அதில் காலை நீட்டிக்கொண்டு ஒரு ஆள். மேலே பாய். என்ஜின் சத்தம் கிடையாது, மாடு கிடையாது, ஆனால் மோட்டார் சைக்கிள் வேகம். மூன்று வண்டியும் நேராகச் செங்கொடி வரிசையைப் பார்த்து வந்தன. அடித்துத் தள்ளத்தான் வருகிறார்கள் என்று ரெத்தினம் கம்பைக் கையில் எடுத்தார்.

அடிக்கவில்லை. கொடிக்குக் கொஞ்சம் முன்னால் முதல் வண்டி ஒதுங்கியது. அடுத்ததும் ஒதுங்கியது. நான்கு கொடியையும் சுற்றி, மரியாதையாகச் சுற்றி, ஒன்றைக்கூடத் தொடாமல் அந்தப் பக்கம் போயின.

ரெத்தினம் கம்பைத் தாழ்த்தினார். ஆயுசில் எத்தனை கொடி நட்டிருப்பார்! மிதித்திருக்கிறார்கள், கொளுத்தியிருக்கிறார்கள், அதே கம்பால் அவரையே அடித்திருக்கிறார்கள். பார்த்து ஒதுங்கிப் போனவன் ஒருத்தன் கிடையாது. எதிரி செய்ததற்குச் சந்தோஷப்படலாமா என்று தெரியாமல் சந்தோஷப்பட்டார்.

வண்டிகள் நின்றதும் நேரே போனார். "யாருப்பா நீங்க? எந்தக் கட்சி?"

முன்னால் இருந்தவர் இறங்கினார். முப்பது வயது, கடல் காற்றில் காய்ந்த முகம். "கட்சியா? நாங்க நாகப்பட்டினம் மீனவங்க, பெரியவரே. என் பேரு உலகநாதன். தடைக்காலம்ல, படகெல்லாம் கரையில கெடக்கு. சும்மா இருக்க முடியல, வண்டி விட வந்தோம்."

சுனாமிக்கு உதவ வந்த பெல்ஜியத்துக்காரர் ஒருவர் ஊருக்குப் போகும்போது விட்டுப்போன வண்டிகளாம் அவை. அவர்கள் நாட்டில் கடற்கரையில் இப்படிப் பந்தயம் விடுவார்களாம். கழற்றினால் ஒரு பைக்குள் அடங்கிவிடும். முந்தின நாளே வந்து கொடியை நட்டுவிட்டுப் போய், இன்றைக்கு மூன்று வண்டியையும் ஒரு குட்டி லாரியில் போட்டுக் கொண்டுவந்து, தரவையின் கிழக்குக் கோடியில் பூட்டினார்களாம்.

"இதுல என்ன ஏத்துவீங்க?" என்று கேட்டார் ரெத்தினம்.

"ஒண்ணும் ஏத்த மாட்டோம்."

"எங்க போவீங்க?"

"எங்கயும் போவ மாட்டோம். அந்த ஆரஞ்சுக் கொடிங்களச் சுத்திட்டு இங்கேயே வந்துருவோம்."

"வந்து?"

"திரும்பப் போவோம்."

ரெத்தினம் அம்சத்தைப் பார்த்தார். அம்சம் உலகநாதனை ஏற இறங்கப் பார்த்தாள், காய்ச்சல் கண்டவரைப் பார்ப்பது மாதிரி.

"சரி தம்பி, எங்க கொடியக் கண்டதும் ஒதுங்கிப் போனீங்களே. நெலம் எங்களுதுன்னு ஒத்துக்கிட்டுத்தான போனீங்க?"

"நெலமா? கொடி இருந்தா ஒதுங்கித்தான பெரியவரே போவணும்? கடல்ல கொடி மெதந்தா அடியில ஒருத்தன் வலை கெடக்குன்னு அர்த்தம். மேல ஏத்துனா வலையும் போச்சு, ஊர்ப் பஞ்சாயத்துல மானமும் போச்சு. இங்க என்ன கெடக்குன்னு எனக்குத் தெரியாது. கொடியப் பாத்தா காலு தானாத் திருப்பிடுது."

ரெத்தினத்துக்கு இருந்த கொஞ்சம் சந்தோஷமும் இறங்கியது. "எங்க பக்கத்துல கொடி நட்டா நெலத்துக்குச் சொந்தம் கொண்டாடுறோம்னு அர்த்தம் தம்பி. நீங்க நெலத்தப் புடிக்க வந்துட்டீங்கன்னுதான் நாங்க நட்டோம்."

உலகநாதன் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஐயய்யோ, எங்களுக்கு எதுக்குங்க நெலம்? வச்சிக்கிட்டு என்ன பண்றது? இப்பவே பிடுங்கிர்றோம்."

பிடுங்கியிருப்பார்கள். கதை அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் சர்க்கார் ஆள் வேண்டும்போது வருவதில்லை, வேண்டாதபோது தவறுவதில்லை. நாளைக்கு வருவதாகச் சொன்ன ஆர்.ஐ., தாலுகா ஆபீசில் ஜமாபந்திக் கணக்கு வேலை இருக்கிறதென்று இன்றைக்கே மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். பின்னால் வி.ஏ.ஓ. அவர்களைப் பார்த்துவிட்டு மூச்சிரைக்கக் கண்ணுசாமி.

ஆர்.ஐ. கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு தரவையைப் பார்த்தார். இங்கே சிவப்பு, அங்கே ஆரஞ்சு.

"என்னய்யா இது, ரெண்டு கோஷ்டி கொடி பறக்குது? தகராறு இல்லாத எடம்னு எழுதிக் குடுத்திருக்கே?" என்று வி.ஏ.ஓ.விடம் பாய்ந்தார். வி.ஏ.ஓ. வானத்தைப் பார்த்தார். ஆர்.ஐ. விடவில்லை. "நல்லா இருக்கு. தகராறு நெலம்னு எழுதிட்டு நான் போய்ட்டே இருக்கேன். இந்தச் செவப்புக் கொடி யாரு நட்டது?"

கண்ணுசாமி வி.ஏ.ஓ.வுக்குப் பின்னால் ஒதுங்கினார். ஆர்.ஐ.யின் கண் ரெத்தினத்தின் கையிலிருந்த கம்பில் வந்து நின்றது.

ரெத்தினத்தின் நெஞ்சுக்குள் நடந்ததை எப்படிச் சொல்ல? நான்தான் நட்டேன் என்றால் இரண்டு ஏக்கரும் போயிற்று, அம்சத்தின் துவரையும் போயிற்று. அவர் மட்டுமில்லை, பெயர் எழுதின அத்தனை குடும்பமும் போயிற்று. நான் நடவில்லை என்று சொன்னால்? விலா எலும்பு முறிந்தபோதுகூட அவர் சொல்லாத வார்த்தை அது. இத்தனை காலம் நிலத்துக்காகத்தான் கொடி. இன்றைக்கு அந்தக் கொடியே நிலத்துக்குக் குறுக்கே நிற்கிறது. எதை விட்டு எதைப் பிடிப்பது? அம்சம் முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"எல்லாம் எங்க கொடிதான் சார்!" என்றார் உலகநாதன். "பந்தயத்துக்கு நட்டது. ஆரஞ்சு போற வழி, செவப்பு வர்ற வழி. வேற ஒண்ணும் இல்ல சார், சாயங்காலம் எடுத்துக்கிட்டுப் போயிருவோம்."

ஆர்.ஐ. நம்பவில்லை. இத்தனை வருஷ சர்வீசில் அவரும் எத்தனை செங்கொடி பார்த்திருப்பார்! "இவரு யாரு? சங்கத்து ஆளு மாதிரி இருக்காரு?"

"நம்ம ஆளுதான் சார். வண்டி விடுவாரு."

"இவரா? இந்த வயசுலயா?" ஆர்.ஐ. கையைக் கட்டிக்கொண்டார். "அப்ப விடச் சொல்லு, பாப்போம். அந்தச் செவப்புக் கொடியச் சுத்தி வரட்டும்."

ரெத்தினத்தைப் பிடித்து நீலப் பாய் வண்டியில் உட்கார வைத்தார்கள். வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு காலை நீட்டினார். உலகநாதன் கயிற்றைக் கையில் கொடுத்துக் குனிந்து, "கயித்த இழுத்தா ஓடும், விட்டா நிக்கும். காலால மிதிச்சாத் திரும்பும். அவ்வளவுதான், பயப்படாதீங்க" என்றார்.

இழுத்தால் ஓடும், விட்டால் நிற்கும். இதை ஒரு மீனவனுக்குச் சொன்னால் சரி. மாட்டுக் கயிறு பிடித்தே கை காய்த்துப்போனவரிடம் சொன்னால்? பிறந்ததிலிருந்து ரெத்தினத்துக்கு இழுத்தால் நிற்கும், விட்டால் ஓடும். தலை கேட்டுக்கொண்டது, கை கேட்கவில்லை.

தள்ளிவிட்டார்கள். பாய் பட்டென்று விரிந்தது. வண்டி கிளம்பியது. ரெத்தினம் நிறுத்தலாம் என்று கயிற்றை இழுத்தார். வண்டி சீறியது. ஐயோ, மிரண்டுவிட்டது என்று இரண்டு கையாலும் இழுத்தார். இன்னும் சீறியது. "ஹோ! ஹோ! நில்லு, நில்லுடா!" என்று அவர் அதட்டுவது ஓரத்தில் நின்றவர்களுக்கெல்லாம் கேட்டது. எதிரே செங்கொடி வந்துகொண்டிருந்தது. அதைச் சுற்ற வேண்டும், தொடக் கூடாது, ஐயா தொடவே கூடாது! எந்தக் காலால் மிதிப்பது? இரண்டாலும் சேர்த்து மிதித்தார். வண்டி நேராகப் போயிற்று.

"விடுங்க! கயித்த விடுங்க பெரியவரே!"

"ஏங்க, விட்டுருங்க!"

கேட்டது. எல்லாம் கேட்டது. ஆனால் மிரண்டு ஓடும்போது கயிற்றை விடுகிறவன் ஒரு மாட்டுக்காரனா? மல்லாக்கச் சாய்ந்து, பல்லைக் கடித்து, பிடி தளராமல் இழுத்துக்கொண்டே போய் ரெத்தினம் தன் கொடியில் மோதினார். ஒரு போலீஸ்காரர் பிடுங்க முடியாத கொடி. மூங்கில் இரண்டாக முறிந்தது. வண்டி ஒரு பக்கமாய்ச் சாய்ந்து, சக்கரம் மேலே சுற்றிக்கொண்டிருக்க, அவர் உப்புப் பொருக்கில் கிடந்தார். முகத்தின் மேல் சிவப்புத் துணி.

முதலில் சிரித்தவர் ஆர்.ஐ.தான். கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "சங்கத்துக்காரனா இருந்தா அவன் கொடி மேல அவனே வண்டிய ஏத்துவானாய்யா? உசுர விட்டாலும் ஏத்த மாட்டான், எனக்குத் தெரியாதா? பந்தயம்தான், பந்தயம்தான். தகராறு ஒண்ணும் இல்லன்னு எழுதிக்கய்யா." வி.ஏ.ஓ. வானத்திலிருந்து கீழே இறங்கி எழுதிக்கொண்டார். மோட்டார் சைக்கிள் போய் வெகுநேரம் வரைக்கும் சிரிப்புச் சத்தம் கேட்ட மாதிரி இருந்தது.

எல்லோரும் ரெத்தினத்தைத் தூக்கி நிறுத்தினார்கள். முழங்கை உரிந்திருந்தது. கண்ணுசாமி முதுகில் தட்டி, "பிரமாதம்! நல்ல காரியம் பண்ணுன" என்றார்.

"நான் ஒண்ணும் பண்ணலங்க" என்று கத்தினார் ரெத்தினம். கண்ணுசாமி பயந்துபோய்ப் பின்னால் நகர்ந்தார். ரெத்தினத்துக்கு அழுகை வந்தது. வலியா, வெட்கமா, நிலம் கிடைத்துவிட்டதென்ற மகிழ்ச்சியா, அவருக்கே விளங்கவில்லை. துணியை உதறி மடிக்கப் பார்த்தார். மடிக்க வரவில்லை.

"கொடிதானங்க ஒடிஞ்சுது, போவுது விடுங்க. நெலம் இருக்குல்ல" என்றாள் அம்சம்.

"கொடிதானன்னு சொல்லாத புள்ள" என்றார் அவர். துணியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தார்.

பட்டா கிடைத்தது. ஒரு விழாவில் பந்தல் போட்டுக் கொடுத்தார்கள். சங்கிலி பிடித்து அளந்து கல் நட்டார்கள். குலுக்கலில் ரெத்தினத்துக்கும் அம்சத்துக்கும் விழுந்தது தரவைக்கு நட்டநடுவே. மழைக்கு முன்னால் இரண்டு பேருமாக மண் வெட்டிப் போட்டதில் மேற்கு வரப்பு மட்டும் எழுந்தது. முதல் வருஷம் விதைத்தது முளைத்து, மஞ்சளாகி, கருகியது. உப்பு போகக் காலம் பிடிக்கும் என்று இருவருக்கும் தெரியும். ஆனாலும் தினம் ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். பார்ப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை. அம்சம் போட்ட துவரையில் நாலைந்து செடி மட்டும் வரப்பில் பிழைத்துக் கிடந்தது.

அடுத்த வைகாசி, தரவை மறுபடி இறுகிப் போயிருந்த ஒரு மத்தியானம், கிழக்கு வரப்புக்கு மண் வெட்டிக்கொண்டிருந்தார்கள். குட்டி லாரி ஒன்று வந்து தள்ளி நின்றது. உலகநாதனும் கூட்டாளிகளும் இறங்கினார்கள். பையைப் பிரிக்கவில்லை. கல் நட்ட இடம் வரைக்கும் நடந்துவந்து, கல்லைத் தாண்டாமல், காலில் கிடந்த செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்கள்.

"அண்ணே, நல்லா இருக்கீங்களா? காத்து நல்லா இருக்கு. வரப்புப் பக்கம் வராம, உங்க நெலத்து ஓரமா ஒரு நாலு சுத்து வண்டி விட்டுக்கலாமா?" என்று கேட்டார் உலகநாதன்.

ரெத்தினம் திரும்பித் தனக்குப் பின்னால் பார்த்தார். பின்னால் ஒருவரும் இல்லை, தரவைதான் கிடந்தது.

"உங்களத்தாங்க கேக்குறாங்க" என்றாள் அம்சம்.

"என்னையா?"

"பின்ன யாரை?"

அவர் மண்வெட்டியைக் கீழே வைத்தார். துண்டை எடுத்துத் தோளில் போட்டார், திரும்ப எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். அம்சத்தோடு சேர்த்து நான்கு பேரும் அவர் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"இருங்க தம்பி, கேட்டுச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு ஊரைப் பார்த்து வேகமாக நடந்தார். மேற்கு வரப்பு வரைக்கும் போனார். அங்கே போய் நின்றார். யாரைக் கேட்பதென்று அவருக்குத் தெரியவில்லை.